பகைவரைப் பொறுத்தலும் பழியை மறைத்தலும்

பகைவரிடத்து அன்பு செலுத்துக, தீமைக்குத் தீமை செய்யற்க என்னும் கிறிஸ்து சமய உபதேசத்தை அறியாதார் நம் தோட்டப்புறங்களில் இல்லை எனலாம். தேவாலயம் செல்வோர் அதனைப் பிரசங்கத்திற் கேட்கின்றனர். செல்லாதோர் பஞ்சாயத்திலும் சங்கக் கூட்டத்திலும் கேட்கின்றனர். சண்டையிட்ட இருவரைச் சமாதானப்படுத்த வருவோர் யாவரும் ஒரு கன்னம், மறு கன்னம் என்று தொடங்குவதே வழக்கமாய்விட்டது. ஆயின் அவ்வுபதேசம் எவரை நோக்கிச் சொல்லப்பட்டது, அதன்படி நடந்தோர் விட்டுச்சென்ற உரைகளும் நூல்களும் எத்தன்மையன, அதனைப் பிறர்க்கு எடுத்துச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பவற்றை ஓர் இலக்கியத்தை ஆராய்வதுபோல ஆராய்ந்தோர் மிகச் சிலரே. அவ்வாராய்ச்சியில் ஈண்டுச் சிறிது புகுகின்றோம். நாம் அச்சமயத்தைச் சார்ந்தோமா அன்றோ என்பது இங்கு வினா அன்று. உயர்ந்ததொரு கருத்து நம் மக்களிடையே எவ்வாறு வழங்குகின்றது என்பதே வினா.

இதனை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற பெரிய வெள்ளிக்கிழமையை அடுத்து ஒரு மாலை, கேமரன் மலையில் நாம் வசிக்கும் கியா பார்மில், தோட்டத்தாரும் கடைத்தெருவினருமாகச் சிலர் ஒரு வீட்டிற் கூடினர். மலையடியிலிருந்து வந்த அன்பர் ஒருவர் மன்னிப்பைக் குறித்து நன்றாகவே பேசினார். பேச்சு முடிந்து தேநீர் வழங்கும் வேளையில், இளமையில் மலைச்சரிவிற் கொழுந்து கிள்ளியவரும் இப்போது எண்பது வயதைக் கடந்தவருமான மூதாட்டி ஒருவர், இருந்த இடத்திலிருந்தபடியே கேட்டார்:

"ஐயா, சப்பான்காரன் காலத்துல எங்கப்பாவைச் சயாம் ரயில் போடக் கொண்டுபோனாங்க. திரும்பி வரலை. நான் அப்போ ஆத்தா வயித்துல. சப்பான்காரன் கேட்டது இத்தனை ஆளுன்னு கணக்கு. பேரை எழுதிக் கொடுத்தது தோட்டத்துக் கிராணின்னு ஆத்தா சாகிற வரைக்கும் சொல்லிச்சு. மன்னிக்கணும்ங்கிறீங்க. யாரை மன்னிக்கிறது, சப்பான்காரனையா, கிராணியையா? எங்கப்பா மன்னிக்க வேண்டியதை நான் மன்னிக்கலாமா?"

பேசிய அன்பர் விடை சொல்லவில்லை; நேர்மையாளராகையால், விடையிருப்பதாக நடிக்கவும் இல்லை. அக்கூட்டத்திற் கிராணி நாம் ஒருவரே. முப்பது சொச்சம் ஆண்டுகளே வாழ்ந்துள்ள நமக்கு அந்தப் பெயர்ப்பட்டியலிற் பங்கில்லை. எனினும் அன்று காலை செக்ரோலிற் பெயர் எழுதிவிட்டு வந்த கை நம்முடைய கை. அம்மூதாட்டியின் வினா நம்மை நோக்கி எழுந்ததன்று. ஆயினும் நம்மைச் சுட்டது. வீடு திரும்பியபின் பழைய நூல்களைப் புரட்டத் தொடங்கினோம்.

முதலில் மூல நூலைக் காண்போம். மலைப் பிரசங்கம் எனப்படுவது மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 5, 6, 7 ஆகிய அதிகாரங்களில் உள்ளது. அதனைக் கேட்டோர் அரசரும் அதிகாரிகளும் அல்லர்; உரோம ஏகாதிபத்தியத்தின் நிழலில் வரி செலுத்தி வாழ்ந்த கலிலேயாவின் மீனவரும் உழவரும் கூலியாட்களுமே. பழிவாங்காமைக்கு அங்கே காட்டப்படும் எடுத்துக்காட்டுகளுள் மூன்று முதன்மையானவை: கன்னத்தில் அறைபடுதல், வழக்காடி ஆடையைப் பறிகொடுத்தல், ஒரு மைல் தூரம் பலவந்தமாக நடத்தப்படுதல். இம்மூன்றும் எளியவர் மீது வலியவர் செய்யும் கொடுமைகள் என்பதை வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டும். லூக்கா எழுதிய சுவிசேஷம் கன்னம் என்று மட்டும் கூற, மத்தேயு வலக்கன்னம் என்றே குறிக்கின்றார். வலக்கையால் ஒருவனது வலக்கன்னத்தில் அறைவதாயின் புறங்கையால்தான் அறைய இயலும். புறங்கை அடி சமமானவனுக்குக் கொடுக்கும் அடியன்று. எசமானன் அடிமைக்குக் கொடுக்கும் அவமானம். மறு கன்னத்தைக் காட்டுவோன், "நான் உனக்குக் கீழானவன் அல்லேன், அடிப்பதாயின் சமமானவனை அடிப்பதுபோல் அடி" என்று சொல்லாமற் சொல்லுகிறான் என வால்ட்டர் விங்க் என்னும் அமெரிக்க வேத சாஸ்திரி விளக்கினார்.

ஆடையும் அத்தகையதே. கடன்பட்ட ஏழையின் மேற்போர்வையை அடகாகப் பெற்றோன் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தரவேண்டும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். குளிரிற் போர்த்துக்கொள்ள ஏழைக்கு வேறொன்று இல்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மலைக் குளிரை அறிந்த நமக்கு இச்சட்டத்தின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மைல் தூரம் என்பதோ, உரோமப் போர்வீரன் வழியிற் கண்டவனைப் பிடித்துச் சுமை சுமக்கச் செய்யும் அதிகாரத்தைக் குறிப்பது. பின்னர்ச் சிரேனே ஊர்ச் சீமோன் என்பான் சிலுவை சுமக்கப் பலவந்தப்படுத்தப்பட்டபோதும் கிரேக்க மூலத்தில் அதே வினைச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. அறை, கடன், கட்டாயச் சுமை ஆகிய மூன்றையும் நம் பாட்டன்மார் அறிவர். ஆதலின் இவ்வுபதேசம் நமக்கு அந்நியமானதன்று.

விங்க் கூறும் விளக்கம் நமக்கு இனியதே. எனினும் அது முழுமையன்று என்பது நம் துணிபு. மூல நூல் மானத்தைக் காக்கும் தந்திரம் ஒன்றைச் சொல்லி அவ்வளவில் நின்றுவிடவில்லை. பகைவனை நேசிக்கவும், துன்புறுத்துவோனுக்காக வேண்டுதல் செய்யவும் சொல்லுகிறது. அதன் கடுமையைக் குறைத்துக் காட்டுதல் நேர்மையாகாது. ஆனால் ஒன்று திண்ணம். அறைபட்டவனுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை அது; அறைந்தவன் தன் பாதுகாப்பிற்கென எடுத்து ஓதுவதற்கு அமைந்த மந்திரம் அன்று.

இனி நம் தமிழ்நூல்களின் பக்கம் வருவோம். மன்னித்தல் என்னும் கருத்திற்குத் தமிழில் வேரூன்றிய சொல் பொறுத்தல் என்பது. சுமையைத் தாங்குதலும் பொறுத்தல். பிழையைத் தாங்குதலும் பொறுத்தல். பொறை என்றால் பாரம் என்றும் பொருள். பொறுமை என்றும் பொருள். கூடை நிறைந்த பச்சைக் கொழுந்தை முதுகில் ஏற்றிச் சரிவில் இறங்கும் பெண்ணிற்கு இவ்விரு பொருளும் ஒன்றாகவே தோன்றும். பொறுத்தவன் சுமையை இல்லையென்று சொல்லவில்லை. அதன் கனம் முழுவதையும் தன் தோளில் உணர்ந்தவனே பொறுத்தவனாகிறான். மன்னிப்பு என்றால் மறத்தல் என்று எண்ணுவோர் இச்சொல்லை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

திருவள்ளுவர் பொறையுடைமையை 16-ஆம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். இன்னா செய்யாமையை 32-ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார். பகைமாட்சி, பகைத்திறந்தெரிதல், உட்பகை என்பவற்றைப் பொருட்பாலில் அரசியல் நடத்துவோர்க்கென வைத்தார். தீமை செய்தவர் நாணும்படி நன்மை செய்தலே தக்க தண்டனை என்பது அவர் கருத்துகளுள் ஒன்று. அதனைக் கண்டு வியந்த போப் ஐயர், 1886-இல் வெளிவந்த தம் ஆங்கில மொழிபெயர்ப்பில், வள்ளுவர் மயிலாப்பூரிற் கிறிஸ்துவ போதகரிடம் கேட்டறிந்திருக்கலாம் என்றுகூட ஊகித்தார். அவ்வூகம் வேண்டுவதில்லை, மனிதர் துன்புறும் இடமெங்கும் இவ்வெண்ணம் தோன்றக்கூடியதே. ருஷிய நாட்டு டால்ஸ்டாய், 1908-இல் ஓர் இந்தியருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து எடுத்துக்காட்டினார்; அக்கடிதத்தைத் தென்னாப்பிரிக்காவில் காந்தியார் பதிப்பித்தார். மலைப் பிரசங்கமும் குறளும் அக்கடிதத்தின் வழியே ஒரே இடத்திற் சந்தித்தன எனலாம்.

ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. வள்ளுவர் இல்லறத்தான், துறவி, அரசன் என்று ஆளுக்கேற்ப அறத்தை வகுக்கின்றார். மலைப் பிரசங்கம் அங்ஙனம் வகுக்கவில்லை. பொறையுடைமைக்கு வள்ளுவர் காட்டும் முதல் உவமை, தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலம். அவ்வுவமையின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயின் இம்மலையில் வாழ்வோர் இன்னொன்றும் அறிவர். மரத்தை வெட்டி அளவு மீறித் தோண்டினால், அடைமழைக் காலத்தில் நிலமும் சரியும். சரியும்போது தோண்டியவன் யார், தோண்டாதவன் யார் என்று பாராது. ஆதலின் பொறுமையைப் புகழ்வோர் தோண்டுவோனையும் ஒரு சொல் கேட்க வேண்டும் அன்றோ?

பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார் கதையைப் பகைவரைப் பொறுத்தலுக்குச் சான்றாகப் பலர் கூறுவர். முத்தநாதன் என்னும் பகைவன் சிவனடியார் வேடத்தில் வந்து, ஏட்டில் மறைத்த கத்தியாற் குத்துகிறான். மன்னர் தம் காவலன் தத்தனைத் தடுத்து, குத்தியவனை ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுவிடச் சொல்லி, அச்செய்தி வந்தபின்னரே உயிர் நீக்கிறார். சேக்கிழார் இதனை உருக்கமாகவே பாடியுள்ளார். ஆனால் கூர்ந்து நோக்கின், அங்கே காக்கப்படுவது பகைவன் அன்று. அவன் பூண்ட வேடமே. நீறும் சடையும் இன்றி வந்திருந்தால் முத்தநாதன் உயிர் பிழைத்திருப்பானா? வேடத்தைப் பொறுத்தல் வேறு, மனிதனைப் பொறுத்தல் வேறு.

சிலப்பதிகாரத்துக் கண்ணகியோ எதிர்முனையில் நிற்கிறாள். பாண்டியன் அவையிற் சிலம்பை உடைத்துக் கணவன் கள்வன் அல்லன் என நிறுவும்வரை அவளோடு நாம் முற்றும் உடன்படுகின்றோம். அரசன் தன் பிழையை உணர்ந்து அங்கேயே மாண்டான். அதன் பின்னரும் மதுரை எரிகின்றது. முதியோரும் குழந்தைகளும் நீக்கப்பட்டனர் என்று காவியமே சொல்லுகிறது. எனினும் அந்நகரத்திற் கோவலனைக் கொல்லாதவரும் அக்கொலையை அறியாதவரும் பலர் இருந்திருப்பர். கண்ணகியின் முதற் செயல் உண்மையை நிறுவியது. இரண்டாம் செயல் உண்மையைத் தாண்டிச் சென்றது. பழிவாங்கலின் குற்றம் இதுவே: அதற்கு எல்லை தெரியாது.

இவற்றிலிருந்து மன்னிப்பைப் பேசும் எந்நூலுக்கும் மூன்று உரைகற்களை நாம் வகுத்துக்கொள்கின்றோம். ஒன்று, மன்னிப்பவர் தீமையைத் தாமே அடைந்தவராயிருத்தல் வேண்டும். இரண்டு, அடைந்த தீமை முழுவதும் ஒளிக்காமற் சொல்லப்படுதல் வேண்டும். மூன்று, ஒருவரது மன்னிப்பு மற்றொருவரது நியாயத்தைப் பறித்தலாகாது. மலாயாவும் சிங்கப்பூரும் சப்பானியர் கையில் இருந்த காலத்துக் கிறிஸ்துவர் மூவரது வாழ்வை இக்கற்களில் உரைத்துப் பார்ப்போம். மூதாட்டியின் தந்தை மறைந்ததும் அக்காலத்திலேயே.

லியோனார்ட் வில்சன் என்பவர் 1941 முதல் 1949 வரை சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயராயிருந்தவர். 1943 செப்டம்பரில் நேச நாட்டுப் படையினர் சிலர் இரகசியமாக வந்து சிங்கப்பூர்த் துறைமுகத்திற் கப்பல்களை வெடிவைத்துத் தகர்த்தனர். சாங்கிச் சிறையிலிருந்தோரே உளவு சொன்னதாகத் தவறாக எண்ணிய கெம்பெய்த்தாய் என்னும் சப்பானிய இராணுவப் போலீசார், அக்டோபர் 10 முதல் பலரைப் பிடித்துச் சித்திரவதை செய்தனர். பிடிபட்டோருள் பேராயரும் ஒருவர். ஆட்கள் மாறி மாறி அவரைக் கயிறுகளால் அடித்தனர். 1946-இல் அவர் பிபிசி வானொலியில் ஆற்றிய பிரசங்கத்தில் இவற்றைச் சொல்லியிருக்கின்றார். அப்பிரசங்கம் நம் உரைகல்லில் நன்கு தேறுகிறது. முதற் காரணம், அவர் தம் வலியை ஒளிக்கவில்லை. இரண்டாவது, மன்னிப்பு எளிதில் வந்ததென்று பெருமை பேசவில்லை. எதிரே நின்று அடித்தோரைக் கண்டு அன்பு எழவில்லை என்றும், அவர்களும் ஒருகாலத்தில் சகோதர சகோதரியரோடு விளையாடிய சிறு குழந்தைகளாய் இருந்திருப்பர் என்று எண்ணிய பின்னரே நெஞ்சம் இளகியது என்றும் ஒப்புக்கொள்கின்றார். உன் கடவுள் ஏன் உன்னைக் காக்கவில்லை என்று அடித்தோர் கேட்டபோது, வலியிலிருந்து விடுவித்து அன்று, வலியைத் தாங்கும் வலிமை தந்தே கடவுள் காக்கிறார் என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். நம் முன்னோர் பொறை என்றது இதனையே.

போர் முடிந்தபின், தம்மைத் துன்புறுத்தியோருள் ஒருவன் மனம் மாறி வந்தபோது, அவனுக்குத் திடப்படுத்தல் என்னும் சடங்கைத் தம் கையாலேயே செய்துவைத்தார் வில்சன். ஆனால் அவரது மன்னிப்பு நீதிமன்றத்தின் கதவை மூடவில்லை. 1946-இல் அவ்வழக்கில் 21 பேர் விசாரிக்கப்பட்டு 8 பேர் மரணதண்டனை பெற்றனர். மரணதண்டனை தக்கதா என்பது வேறு வழக்கு. உண்மை வெளிப்படுதலும் உள்ளம் பொறுத்தலும் ஒருங்கே நிகழலாம் என்பதே இங்குக் கருதத்தக்கது.

வெள்ளைக்காரப் பேராயர், அவருக்குப் பின்னால் ஒரு வல்லரசு இருந்தது என்று சிலர் சொல்லக்கூடும். ஆதலின் எலிசபெத் சோய் அம்மையாரை நினைவூட்டுகின்றோம். வட போர்னியோவிற் பிறந்த சீனக் கிறிஸ்துவ ஆசிரியை அவர். கைதிகளுக்கு உதவினாரென்று அதே கெம்பெய்த்தாய் அவரைப் பிடித்து ஏறத்தாழ 200 நாட்கள் அடைத்து வதைத்தது. போருக்குப் பின்னர், துன்புறுத்தியோரின் பெயர்களைச் சொல்லத் தூண்டப்பட்டும் அவர் மறுத்தார். போரே அவர்களை அவ்வாறு ஆக்கியது என்பது அவர் எண்ணம். பட்ட பாட்டைப் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். பெயர்களை மட்டும் சொல்லவில்லை. அம்மறுப்பு அவருக்கு உரியது, அதனை வணங்குகின்றோம். ஆனால் அவர் சொல்லாமல் விட்டதைக் காட்டி, நீயும் வாயை மூடு என்று வேறொருவரைப் பணிக்க எவருக்கும் உரிமையில்லை. கொடைக்குப் பெயர் கொடை. பிடுங்கினால் அதன் பெயர் வேறு.

மூன்றாமவர் நம் மலைக்கு மிக அண்மையில் வாழ்ந்தவர். ஈப்போவை அடுத்த பாப்பான் என்னும் சிற்றூரில் மருத்துவத் தொண்டு செய்த சிபில் கதிகாசு அம்மையார், யூரேசியக் கத்தோலிக்கர். தமிழ் மருத்துவர் ஒருவரை மணந்தவர். காட்டிலிருந்த கொரில்லாக்களுக்கு மருந்து கொடுத்ததற்காகவும், ஒளித்து வைத்த வானொலியிற் செய்தி கேட்டதற்காகவும் 1943-இல் கெம்பெய்த்தாயிடம் அகப்பட்டார். அவர் வாய் திறக்கவேண்டி, அவருடைய சிறு பெண்ணை மரத்திற் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டினர். தாய் அப்போதும் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. சப்பானிய அதிகாரி ஒருவர் தலையிட்டதால் குழந்தை பிழைத்தது. பின்னர் பத்து காஜா சிறையில் அடைபட்ட அம்மையார், 1945-இல் விடுதலை பெற்று, சிகிச்சைக்காக பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூன் 12-இல் தம் 48-ஆம் வயதில் ஸ்காட்லாந்தில் மறைந்தார். மறுவருடம் அவர் உடல் ஈப்போவிற்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

அவர் எழுதிய நினைவு நூல் 1954-இல் வெளிவந்தது. இரக்கம் ஒரு துளியும் இல்லை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரே அதன் தலைப்பு. அத்தொடரின் சொற்கள் ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வர்த்தகன் நாடகத்து நீதிமன்றக் காட்சியிலும் உள்ளன. அங்கே ஷைலக் என்னும் யூதனிடம் இரக்கம் இல்லையென்று கிறிஸ்துவ அவையினர் குறைகூறி, வழக்கு முடிந்ததும் இரக்கம் என்னும் பெயராலேயே அவன் சொத்தைப் பறித்து, அவனை வலிந்து கிறிஸ்துவனாக்குகின்றனர். இரக்கத்தைப் பேசும் வலியவரிடத்து நமக்கு எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு அந்நாடகத்தைவிடத் தக்க சான்று கிடைப்பதரிது. கதிகாசு அம்மையாரின் நூல் மன்னிப்பைப் போதிக்க எழுந்த நூலன்று. சாட்சியமாக எழுந்த நூல். அதனால் அது மலைப் பிரசங்கத்திற்குப் புறம்பானது என்று நாம் கருதவில்லை. கொடியவனைக் கொடியவன் என்றே சொல்லும் அவர், பகைவர் அணியிலிருந்து தம் குழந்தையைக் காத்த ஒருவரையும் நம் முன் நிறுத்துகின்றார். பகைவரிடத்துள்ள நன்மையையும் கணக்கில் வைத்தல், எழுதுவோன் தன் பகைவனுக்குச் செய்யக்கூடிய அன்புகளுள் பெரியது. இரண்டாம் உரைகல்லில் இந்நூலுக்கு நிகர் சிலவே.

இம்மூவருக்கும் ஒன்று வாய்த்தது. தம் கதையைத் தாமே சொல்லும் வாய்ப்பு வாய்த்தது. மூதாட்டியின் தந்தைக்கு அது வாய்க்கவில்லை. சயாமிலிருந்து பர்மாவிற்கு 415 கிலோமீட்டர் நீளம் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட அவ்விருப்புப் பாதையில், நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்குக் காஞ்சனபுரியிற் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு வாந்திபேதியாலும் பசியாலும் மாண்ட தமிழர் பல்லாயிரவர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் இல்லை. எழுதப்படாத குற்றத்தை மன்னிக்கச் சொல்லுதல், படிக்காத கடிதத்திற்கு விடையெழுதச் சொல்லுதலை ஒக்கும்.

இங்கே நம் இனத்தாராகிய கிராணிமார் கதையையும் சொல்லியாக வேண்டும். சப்பானியர் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டவை: சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல். இவற்றோடு இரண்டு கோரிக்கைகள் நம் நெஞ்சில் தைப்பன. கொடுமை செய்யும் ஆசிய உத்தியோகஸ்தரை நீக்க வேண்டும் என்பது ஒன்று. துரைமார் முன்னும் அவ்வுத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளிலிருந்து இறங்காமற் செல்ல அனுமதி வேண்டும் என்பது மற்றொன்று. ஆசிய உத்தியோகஸ்தர் என்றால் யார்? நம்மைப்போல் ஆங்கிலம் கற்று, மேசையடியில் அமர்ந்து, பெயர் எழுதிய கிராணிமாரும் அவருள் அடங்குவர். அவ்வேலைநிறுத்தம் துருப்புகளைக் கொண்டு அடக்கப்பட்டது, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர்.

சைக்கிளிலிருந்து இறங்கி நின்ற தொழிலாளிக்கு யாரேனும் மலைப் பிரசங்கத்தை ஓதியிருப்பார்களாயின், அது வேதமாகாது. துரையின் பிரம்பிற்கு மற்றொரு பூண் கட்டியதாகும். ஓதவேண்டிய இடம் சைக்கிளின் முன்னின்ற கிராணியின் காது. பலிபீடத்திற் காணிக்கை வைக்கும்போது உன்மேற் குறையுள்ள சகோதரன் ஒருவன் இருப்பதாக நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டு, முதலில் அவனிடம் சென்று ஒப்புரவாகு என்னும் கருத்து அதே மலைப் பிரசங்கத்தில், மறு கன்னத்திற்கு முன்னரே வருகின்றது. தீமை செய்தவனுக்குரிய பாடம் அது. நம் பிரசங்கிமார் அதனை விட்டுத் தீமை பட்டவனுக்குரிய பாடத்தையே மிகுதியும் எடுத்து ஓதுகின்றனர். நம் குறைகூறல் உபதேசத்தின் மேல் அன்று, இத்தெரிவின் மேலேதான்.

இஃது கடந்த காலத்துக் கதை மட்டும் என்று வாசகர்கள் எண்ணலாகாது. இன்று இம்மலையின் தோட்டங்களில் உழைப்போருட் பலர் வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியருமாவர். காலையில் அவர்களை அழைத்து வேலைக்கு அனுப்பும் கிராணி தமிழன். சில திங்களுக்கு முன், பெயரைச் சொல்ல நா வழங்காமையால் வங்காள இளைஞன் ஒருவனை எண்ணைச் சொல்லியே அழைத்தோம். அவன் சினக்கவில்லை, தலைகுனிந்து சென்றான். நல்ல பொறுமைசாலி என்று நாமும் மகிழ்ந்தோம். மூதாட்டியின் வினாவைக் கேட்ட அன்றிரவுதான், அவன் பொறுமையைப் பாராட்டும் தகுதி நமக்கில்லை என்பது விளங்கியது. மறுநாள் அவன் பெயரைக் கேட்டு, மும்முறை தவறாகச் சொல்லி, நான்காம் முறை சரியாகச் சொன்னோம். அவன் சிரித்தான்.

அம்மூதாட்டியையும் ஒரு நாள் சென்று கண்டோம். "பாட்டி, அந்தக் கிராணிக்காக மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமையில்லை. உங்கள் தகப்பனார் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள், எழுதிவைக்கிறேன்" என்றோம். அவர் தந்தையின் பெயர், தாத்தாவின் பெயர், தமிழ்நாட்டிற் பிறந்த ஊர், புறப்பட்ட தோட்டம் ஆகிய அனைத்தையும் சொன்னார். தாம் காணாத தந்தையை நேரிற் கண்டவர்போலச் சொன்னார். எழுதி முடித்ததை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். பின்னர், "அன்னைக்கு ஒரு கிராணி எழுதினாரு, இன்னைக்கு ஒரு கிராணி எழுதுறீங்க. இது போதும் ஐயா. மன்னிக்கிறதை நான் பொறவு பாத்துக்கிறேன்" என்றார். நாம் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஆதலின் நேயர்காள், நம் வேண்டுகோள் இரண்டு. சயாமிற்குப் போனவர்களின் பிள்ளைகள் சிலரேனும் நம் லயங்களிலும் நகர்ப்புறத்து அடுக்குமாடிகளிலும் இன்னும் உயிரோடிருக்கின்றனர். எழுதப் படிக்கத் தெரிந்தோர் ஒவ்வொருவரும் அத்தகைய ஒருவரிடம் சென்று, மறைந்தவரின் பெயரையும் ஊரையும் எழுதி வாங்குக. இரண்டாவது, பகைவரை நேசித்தலைப் போதிக்கப் புகுவோர், போதிக்குமுன் தாம் எவருடைய பகைவராயிருந்தோம் என்பதைத் தம்முள் ஒருமுறை எண்ணிப் பார்க்க. அவ்வாறு எண்ணியவர் வாயில் அவ்வுபதேசம் நிறைந்த பொருளுடையதாகும். எண்ணாதவர் வாயில் அது பழியை மூடும் துணியாகவே இருக்கும். பொறுத்தலாவது பட்டவர் தாமே மனமுவந்து தருவது; அதனைக் கேட்டுப் பெறலாமேயன்றிக் கட்டளையிட்டுப் பெறலாகாது.